பேய் பங்களாவில் என் அண்ணன்

1

என் அண்ணன் காளிராஜ் மறுபேச்சில்லாமல் நம்புகிற பொருள் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்: தூக்குக்குண்டு. நூலில் கட்டித் தொங்கவிடும் அந்த இரும்புக் குண்டு. செங்கல் சூளைக்காரர் பொய் சொல்வார், கம்பி விற்கிறவர் பொய் சொல்வார், வீட்டுக்குச் சொந்தக்காரரே பொய் சொல்வார், தூக்குக்குண்டு மட்டும் சொல்லாது என்பார். அருப்புக்கோட்டைப் பக்கம் முப்பது வருடமாக வீடு கட்டிக் கொடுக்கிறார். யார் வீட்டுக்குப் போனாலும் கொடுத்த தண்ணீரைக் குடிப்பதற்கு முன்பு ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு சுவரை ஒரு பார்வை பார்ப்பார். பெண் பார்க்கப் போன இடத்திலும் அப்படித்தான் பார்த்தார். சுவர் நேராக இருந்தது, கல்யாணம் நடந்தது என்று அண்ணி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

அப்படிப்பட்ட மனிதரைப் போன மாதம் ஜொகூரில் ஒரு பேய் பங்களாவுக்குள் அழைத்துப்போனோம். எங்கள் கல்யாண நாளன்று நடந்த விஷயம் என்பதால் இனி வருடா வருடம் இந்தக் கதை எங்கள் வீட்டில் சொல்லப்படும். சொல்லச் சொல்ல அது வளர்ந்துவிடும். அதற்குள் உள்ளது உள்ளபடி எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

2

மலேசியா என்றதும் ஊரில் எல்லோரும் இரட்டைக் கோபுரத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அதை நானே இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். நாங்கள் இருப்பது நாட்டின் தெற்குக் கோடியில், ஜொகூர் பாருவில். பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர். என் கணவர் அருள்தாஸ் தினமும் விடியும் முன்பே மோட்டார் சைக்கிளில் அந்தப் பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போய், பொழுது சாய்ந்து திரும்புகிறவர். நான் ஒரு பல் மருத்துவமனையில் முன்மேசையில் உட்கார்ந்து, பயந்துபோய் வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுக்கிறேன்.

சிங்கப்பூர்த் தொழிற்சாலை ஒன்றில் நான் வேலைக்கு வந்திருந்தபோதுதான் அருளைப் பார்த்தேன். ஜொகூரிலேயே பாலோ என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய அப்பாவும் அம்மாவும் ரப்பர் பால் வெட்டியவர்கள். கத்தோலிக்கக் குடும்பம். ‘வெளிநாட்டுக்காரன், வேற சாமி, தோட்டத்துப் பையன்’ என்று அண்ணன் மூன்று காரணம் சொன்னார். மூன்றுமே உண்மை என்பதால் என்னால் மறுக்க முடியவில்லை. கல்யாணம் மட்டும் செய்துகொண்டேன். அண்ணன் வரவில்லை. சில வருடம் கழித்து அம்மா இறந்தபோது, “நீ மட்டும் வா” என்று போனில் சொன்னார். அருள் பெட்டியில் எடுத்துவைத்திருந்த தன் வெள்ளைச் சட்டையைத் திரும்ப அலமாரியில் மாட்டினார். நான் மட்டும் போய்வந்தேன்.

இங்கே வந்த புதிதில் எனக்கு மலாய் தெரியாது. மனைவியாக இந்த நாட்டில் தங்குவதற்கான அனுமதியைப் புதுப்பிக்கக் குடிநுழைவு அலுவலகத்துக்குப் போனால் கணவரும் கூட இருக்க வேண்டும். முதல் தடவை அருள் வண்டி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தபோதே என் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள். கவுண்டரில் இருந்த அம்மாள், “சுவாமி மானா?” என்றார். ‘மானா’ என்றால் ‘எங்கே’ என்பது வரை எனக்குத் தெரியும். சாமி எங்கே என்று ஏன் கேட்கிறார் என்று யோசித்துவிட்டு, கைப்பையில் வைத்திருந்த முருகன் படத்தை எடுத்துக் கண்ணாடி வழியாகக் காட்டினேன். மலாயில் ‘சுவாமி’ என்றால் கணவர். அந்த அம்மாள் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மூச்சிரைக்க ஓடிவந்த அருளைப் பார்த்தார். முத்திரை குத்தும்போது அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

அதே மாதத்தில் தபால் நிலையத்திலும் ஒரு கூத்து. அனுப்புவதற்கு ‘ஹந்தார்’. பேய்க்கு ‘ஹந்து’. அம்மாவுக்கு ஒரு பார்சல் அனுப்பப் போய், “எனக்குப் பேய் வேண்டும்” என்று மலாயில் தெளிவாகச் சொல்லியிருக்கிறேன். கணவனைச் சாமி ஆக்கி, பார்சலைப் பேய் ஆக்கித்தான் என் புலம்பெயர்ந்த வாழ்க்கை தொடங்கியது.

3

அண்ணன் வந்தது ஒரு சிமெண்ட் கம்பெனியின் தயவில். நிறையச் சிமெண்ட் வாங்கியவர்களை அவர்கள் சிங்கப்பூருக்குச் சுற்றுலா அழைத்து வந்திருந்தார்கள். மற்றவர்கள் திரும்பிப் போக, அண்ணன் மட்டும் டிக்கெட்டைச் சில நாள் தள்ளிப்போட்டார். “பக்கத்துல வந்துட்டு எட்டிப் பாக்காம போகக் கூடாதுல்ல” என்றார். பத்து வருடத்துக்கு மேல் எட்டிப் பார்க்காதவர் அப்படிச் சொன்னதும் நான் காரணத்தைத் தேட ஆரம்பித்தேன். அண்ணன் காரணமில்லாமல் எதையும் செய்ய மாட்டார். என்னைத் திரும்ப ஊருக்குக் கூப்பிடத்தான் வருகிறார் என்று முடிவுகட்டி, என்ன பதில் சொல்வது என்று பாத்திரம் கழுவும்போதெல்லாம் ஒத்திகை பார்த்தேன்.

பாலத்துக்கு இந்தப் பக்கம் அருள் போய்க் காத்திருந்தார். “வாங்க மச்சான். பசியாறிட்டீங்களா? காடி அந்தப் பக்கம் நிக்குது, ஏறுங்க” என்றிருக்கிறார். இங்கே காடி என்றால் கார். எங்கள் ஊரில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டி. அண்ணன் வீட்டுக்கு வந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “சார் என்னைத் தொட்டிக்குள்ள ஏறச் சொல்றாரு மீனா, ஒண்ணும் புரியல” என்றார்.

சார். அதுதான் சிக்கல். அருள் வாய்க்கு வாய் மச்சான் என்றார். அண்ணன் பதிலுக்குப் பதில் சார் என்றார். “மச்சான், இன்னும் கொஞ்சம் குழம்பு?” “போதும் சார்.” “மச்சான், ஃபேன் வேகமா வைக்கவா?” “இருக்கட்டும் சார்.” வங்கி மேலாளர் வீட்டில் தங்கியிருப்பவர் மாதிரி நடந்துகொண்டார். பதினான்கு வயது மகள் நிலாவுக்கு அதைவிடப் பெரிய குழப்பம். அவள் ஆறாம் வகுப்பு வரை தமிழ்ப்பள்ளியில் படித்தவள்தான். இப்போது இடைநிலைப்பள்ளியில் மலாய், தோழிகளோடு ஆங்கிலம், என்னோடு மூன்றும் கலந்த ஏதோ ஒன்று. அண்ணனைப் பார்த்ததும் “ஹலோ அங்கள்” என்றாள். இங்கே கடைக்காரரும் அங்கள், பேருந்து ஓட்டுநரும் அங்கள்.

அண்ணன் முகம் சுருங்கியது. “அங்கள்னா பக்கத்து வீட்டுக்காரன். நான் உன் தாய்மாமன்டா.”

“ஓ, சாரி மாமா. எனக்கு நிறைய அங்கள் இருக்காங்கல்ல, கன்ஃப்யூஸ் ஆயிட்டேன்.”

அருள் தன்னால் முடிந்ததையெல்லாம் செய்தார். துணிக்குப் பேர்போன தங்காக் ஊர் வரை கார் ஓட்டிப்போய் ஜவுளிக் கடைகளைக் காட்டி, அண்ணிக்கு ஒரு பட்டுச் சேலை எடுத்துக் கொடுத்தார். அண்ணன் சேலையின் ஓரத்துச் சீட்டைப் புரட்டிப் பார்த்து, “இது நம்ம ஊர்லருந்து வந்தது சார். திரும்ப அங்கயே கொண்டுபோகணுமா?” என்றார். அருள் சிரித்தார். வீடு திரும்பும் வழியெல்லாம் காரில் செய்தி வாசிப்பவரின் குரல் மட்டும் கேட்டது.

4

கல்யாண நாளன்று எங்கே போவது என்று நிலாதான் முடிவு செய்தாள். பொழுதுபோக்குப் பூங்காவில் புதிதாக ஒரு பேய் பங்களா வந்திருக்கிறதாம். வகுப்பில் எல்லோரும் போய்விட்டார்களாம்.

“கல்யாண நாளும் அதுவுமா பேய் வீட்டுக்கா?” என்றார் அண்ணன்.

“சும்மா டிரிக்தான் மாமா. எல்லாம் கண்ண ஏமாத்துறது.”

கண்ணை ஏமாற்றுவது என்ற வார்த்தை அண்ணனைத் தொட்டுவிட்டது. ஒரு சவாலைக் கேட்டவர்போல நிமிர்ந்து உட்கார்ந்தார். “என் கண்ணையா? பாத்துருவோம்.”

காலையில் நாங்கள் தேவாலயத்துக்குப் போனோம், அண்ணன் பக்கத்துத் தெரு மாரியம்மன் கோயிலுக்குப் போனார். ஆளுக்கொரு பக்கம் சாமி கும்பிட்டுவிட்டு மதியம் எல்லோரும் ஒன்றாகப் பேயிடம் போனோம்.

பங்களாவின் வாசலில் மூன்று மொழியில் பலகை. தமிழ் இல்லை. படம் போட்டிருந்ததால் குறை தெரியவில்லை. பழைய ரப்பர் தோட்டத்து வெள்ளைக்கார மேலாளரின் வீடு மாதிரி கட்டியிருந்தார்கள். அந்த மேலாளர்களைத் தோட்டத்தில் துரை என்பார்கள். துரையின் ஆவி இன்னும் உள்ளே உலவுகிறது என்பது கதை. அருள் அந்த வெள்ளைத் தூண்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். “எங்கப்பா துரை பங்களா வாசப்படிகூட மிதிச்சதில்ல மச்சான். நான் டிக்கெட் வாங்கிட்டு உள்ள போறேன் பாருங்க” என்றார். அண்ணன் முதல் தடவையாக அவரை ஒரு நொடி கூடுதலாகப் பார்த்தார். ஆனால், “ஆமா சார்” என்றுதான் சொன்னார்.

5

முதல் அரை மணி நேரம் அண்ணன் ராஜ்ஜியம்.

இருட்டான நடையில் துரையின் முகம் சுவரில் இருந்தது. நாங்கள் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அது திரும்பித் திரும்பிப் பார்த்தது. நிலா என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அண்ணன் சுவருக்குப் பக்கத்தில் போய் எக்கிப் பார்த்து, “முகத்தை உள்பக்கமா குழிச்சிருக்கான். பிள்ளையார் அச்சைத் திருப்பிப் பிடிச்சா அதுவும் இப்படித்தான் பாக்கும்” என்றார். அடுத்த அறையில் மேசை மேல் வெறும் தலை ஒன்று பேசிக்கொண்டிருந்தது. “கண்ணாடி. மேசைக்குக் கீழ ரெண்டு கண்ணாடியைச் சாய்ச்சு வச்சிருக்கான். உடம்பு அதுக்குப் பின்னால இருக்கு” என்றார். தலையாக வேலை பார்த்த பையன் சிரிப்பை அடக்க முடியாமல் திணறினான்.

அடுத்தது, தண்ணீர் மேட்டை நோக்கி ஓடுகிற அறை. சரிவில் கால்வாய் மாதிரி ஒன்று, அதில் தண்ணீர் கீழேயிருந்து மேலே ஏறியது. எல்லோரும் வாய் பிளந்து நின்றார்கள். அண்ணன் தன் சாவிக்கொத்தை எடுத்து, கழுத்தில் கட்டியிருந்த பூங்காச் சீட்டின் கயிற்றில் முடிந்து தொங்கவிட்டார். சாவி தூக்குக்குண்டு மாதிரி ஆடி, சுவரோடு சேராமல் விலகி நின்றது. “சுவர், சன்னல் எல்லாத்தையும் சாய்ச்சுக் கட்டியிருக்கான். உண்மையில அந்தப் பக்கம்தான் பள்ளம்” என்றார். பக்கத்தில் நின்ற சீனக் குடும்பம் ஒன்று கைதட்டியது. என்ன சொன்னார் என்று அவர்களுக்கு நிலா ஆங்கிலத்தில் விளக்கினாள். “மை மாமா, ஹி பில்ட்ஸ் ஹவுசஸ்” என்று அவள் சொன்ன தோரணையில் எனக்கே கொஞ்சம் பெருமை வந்தது.

கடைசியாகத் துரையின் கூடம். உள்ளே எதிரெதிராக இரண்டு நீளமான இருக்கைகள். ஒன்றில் நானும் நிலாவும், எதிரில் அருளும் அண்ணனும். மடிக்குக் குறுக்கே ஒரு கம்பி இறங்கியது. பணியில் இருந்த மலாய்ப் பெண் வந்து கம்பியை இழுத்துப் பார்த்தாள், அண்ணனின் சாவிக்கொத்தைப் பைக்குள் வைக்கச் சொல்லிச் சைகை காட்டினாள். கூடத்தில் சாப்பாட்டு மேசை, தட்டுகள், நாற்காலிகள், சுவரில் மான் தலை, கூரையில் பெரிய தொங்குவிளக்கு. கதவு மூடியது.

எங்கோ துரை இருமினார். இருக்கை ஊஞ்சல்போல லேசாக முன்னும் பின்னும் ஆடியது. “இவ்வளவுதானா?” என்றார் அண்ணன். அதைச் சொல்லி முடிக்கவில்லை, ஆட்டம் பெரிதாகியது. மான் தலை மேலே போயிற்று. சாப்பாட்டு மேசை எங்கள் தலைக்கு மேல் வந்தது. தொங்குவிளக்கு எங்கள் காலுக்குக் கீழே நட்டுக்குத்தாக நின்றது. நாங்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தோம்.

அப்போது கேட்ட அலறல் துரையுடையது இல்லை.

“ஏய் நிறுத்துங்கப்பா! கம்பி லூசா இருக்கு! விழப்போறேன்! மாப்ள! மாப்ள, என்னைப் பிடிங்க!”

அண்ணன் இரண்டு கையாலும் அருளின் கையைக் கட்டிக்கொண்டிருந்தார். அருளுக்கும் பயம்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டு, “அலாமாக்! அலாமாக்!” என்று மலாயில் ‘ஐயோ’ போட்டுக் கத்திக்கொண்டிருந்தார். அப்படியே கத்தலுக்கு நடுவில், “மச்சான், கண்ண மூடுங்க! நாம சுத்தல! வீடுதான் சுத்துது!” என்றார்.

“முப்பது வருஷமா வீடு கட்டுறேன் மாப்ள! வீடு எப்படிய்யா சுத்தும்!”

“இது சுத்தும் மச்சான்! மூடிப் பாருங்களேன்லா!” அந்த நிலையிலும் மலேசியர்களின் வால் ‘லா’ விட்டுப்போகவில்லை.

அண்ணன் மூடினார். எதிரில் உட்கார்ந்திருந்த நான் அதைப் பார்த்தேன். அவர் முகம் மெல்ல மெல்லத் தளர்ந்தது. நானும் மூடிப் பார்த்தேன். வயிற்றில் புரண்டது சட்டென்று நின்றுவிட்டது. தொட்டிலில் போட்டு ஆட்டுகிற அளவுக்குத்தான் ஆடிக்கொண்டிருந்தோம். சுவரும் தரையும் கூரையும்தான் எங்களைச் சுற்றிக் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டிருந்தன. திறந்தால் தலைகீழ், மூடினால் நேர். நான்கைந்து முறை திறந்து மூடிப் பார்த்தேன். நிலா மட்டும் கண் கொட்டாமல், வாய் நிறையச் சிரித்துக்கொண்டு, தலைகீழான உலகத்தை அனுபவித்துக்கொண்டிருந்தாள்.

6

வெளியே வந்தபோதும் அண்ணன் அருளின் கையை விடவில்லை. பிடித்திருப்பதே அவருக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். நிலா அதைப் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவள் இடுப்பில் கிள்ளினேன்.

பூங்காவிலேயே கடலைப் பார்த்த ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். அருள் எல்லோருக்கும் ஐஸ் போட்ட தேநீர் வாங்கி வந்தார். அண்ணன் முக்கால் குவளையை ஒரே மூச்சில் குடித்தார். பிறகு மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, “மீனா, உன்கிட்ட ஒண்ணு பேசணும். வந்ததுலருந்து பேச முடியல” என்றார்.

ஒத்திகை பார்த்த பதிலெல்லாம் எனக்கு ஒரே நொடியில் மறந்துபோனது.

“அம்மா போனப்புறம் வீட்டை எடுத்துக் கட்டினேன்ல. அப்ப மாடியில உனக்குன்னு ஒரு ரூம் போட்டேன். பாத்ரூம் தனியா. தெற்குப் பாத்த சன்னல்.” நிறுத்தினார். “என்னைக்காவது நீ வந்துருவேன்னு நெனச்சுப் போட்டது.”

அண்ணி போனில் ஒரு முறை ஜாடையாகச் சொல்லியிருக்கிறார். அண்ணன் வாயால் கேட்பது இதுதான் முதல் தடவை. இதோ கூப்பிடப் போகிறார் என்று நினைத்தேன். அருள் குவளையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் கடற்பக்கம் பார்த்தார்.

“முத்துவுக்குக் கல்யாணம் கூடி வந்திருக்கு” என்றார் அண்ணன். முத்து அவருடைய மூத்த மகன். “பொண்ணு வீட்டுல, பையனுக்குத் தனி ரூம் இருக்கான்னு கேக்குறாங்க. வேற ரூம் இல்ல. உன்னைக் கேக்காம எப்படிக் குடுக்குறது? போன்ல கேக்க மனசு வரல. அதான் சிமெண்ட் கம்பெனிக்காரன் கூப்பிட்டதும் கெளம்பி வந்தேன். வந்தும் கேக்க முடியல.”

நான் சிரித்துவிட்டேன். நிறுத்த முடியவில்லை. நான் பயந்தது ஒன்று, அவர் பயந்தது ஒன்று. அத்தனை நாளும் ஒரே வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம். ஆனால் சிரித்து முடித்ததும் மாடியில் அவர் போட்ட அறையை நினைத்துப் பார்த்தேன். அந்த அறையில் நான் ஒரு ராத்திரிகூடப் படுத்ததில்லை. அதன் சுவருக்கு என்ன வண்ணம் என்றுகூடத் தெரியாது. இருந்தாலும் ஊரில் எனக்கு ஓர் அறை இருக்கிறது என்பது, மழை வராத நாளிலும் கைப்பையில் இருக்கும் குடை மாதிரி, இத்தனை வருடம் என்னோடு இருந்திருக்கிறது.

“குடுத்துருண்ணே” என்றேன். “புது வெள்ளை அடிச்சுக் குடு. நான் இங்க இருக்கேன்ல. எனக்கு வீடு இங்கதான்.”

அண்ணன் தலையாட்டினார். நிலாதான் கேட்டாள். “மாமா, அப்போ நாங்க வந்தா எங்க தூங்குறது?”

அவள் விளையாட்டாகக் கேட்கவில்லை. இடம் முன்பதிவு செய்கிற கவலையில் கேட்டாள். அண்ணன் அவளைப் பார்த்தார், அருளைப் பார்த்தார்.

“ஹால்லதான். வேற எங்க? கல்யாணத்துக்கு மூணு பேரும் வரணும். எல்லாருக்கும் வரிசையாப் பாய் போட்டுருவோம். மாப்பிள்ளைக்கு ஃபேனுக்கு நேர் கீழ.”

மூணு பேரும். நான் காதில் வாங்கிக்கொண்டது அந்த இரண்டு சொல்லை மட்டும்தான்.

அருள் தொண்டையைச் செருமினார். “நான் கொரட்ட விடுவேன் மச்சான்.”

“நானும்தான். யாரு சத்தம் பெருசுன்னு பாத்துருவோம்.”

அருள் சரி என்றார். பிறகு ஏதாவது பேச வேண்டுமே என்பதுபோல, “பாஸ்போர்ட் எப்ப எக்ஸ்பயர் ஆவுதுன்னு பாக்கணும். விசா வேற எடுக்கணும்” என்றார். உடனே எழுந்து, எல்லோருக்கும் இன்னொரு தேநீர் வாங்கப் போனார். யாருடைய குவளையும் காலியாகியிருக்கவில்லை.

7

வீட்டுக்குக் கிளம்பலாம் என்று எழுந்தபோது அண்ணன் நகரவில்லை.

“மாப்பிள்ளை, அந்த அறையை எதுல தொங்கவிட்டிருப்பான்? அச்சு எங்க இருக்கும்? ரெண்டு பக்கச் சுவர்லயுமா?”

“அப்படித்தான் இருக்கும் மச்சான். பெரிய பேரிங் ரெண்டு, ஒரு மோட்டார். நம்ம சீட்டு தனியா தொங்கும்.”

“கண்ணை மூடுனதால ஒண்ணும் பாக்க முடியல. இன்னொரு தடவை போலாமா? இந்தத் தடவை மூடாம பாக்கணும்.”

நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். நிலாவுக்குக் கால் வலியாம். அவர்கள் இரண்டு பேரும் மட்டும் போனார்கள். ஐம்பதைத் தாண்டிய ஒருவரும் அதைத் தொடப்போகும் ஒருவரும், பள்ளிப் பிள்ளைகள் நிறைந்த வரிசையில் நின்றார்கள். அண்ணன் ஒரு கையைச் சுவர் மாதிரி நிறுத்தி, மறுகையை அதைச் சுற்றித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார். அருள் தன் கையையும் நடுவில் நுழைத்து இருக்கை இங்கே என்று காட்டினார். முன்னால் நின்ற பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். என்ன பேசினார்கள் என்று தூரத்தில் எனக்குக் கேட்கவில்லை. கதவு திறந்தது, இரண்டு பேரும் உள்ளே போனார்கள், கதவு மூடியது.

கொஞ்ச நேரத்தில் பங்களாவுக்குள்ளிருந்து அலறல் கேட்டது. ஒன்று, அடுத்து இன்னொன்று, அப்புறம் இரண்டும் சேர்ந்து.

“அம்மா, இதுல அப்பா எது, மாமா எது?” என்றாள் நிலா.

காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். எனக்குத் தெரியவில்லை.